தென்னையில ஒட்டிப் பார், தம்பி

முதல்ல நான் கலியாணக் காட்டைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறன் எண்டுதான் நினைச்சன், தம்பி. திருப்பிப் பிடிச்சன். அப்பவும் விளங்கல்ல. சரி, கண்ணாடியில உப்புப் படிஞ்சிருக்கு எண்டு சாரத்தால துடைச்சுப் போட்டுப் பார்த்தன். நண்டு நடந்த மணல் மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் கோடு ஓடுது. அப்பதான் நீ சிரிச்சாய். "தாத்தா, அது பொம்பிளைட பேர்" எண்டாய்.

பேரா? பேர் எண்டால் வாசிக்க வேணாமா?

உடன போனை எடுத்து எனக்குப் பாடம் நடத்தினாய். இது கையெழுத்துப் பொன்டாம். இப்ப இதுதான் எடுப்பாம். ஒரு எழுத்துக்கு முழ நீளத்துக்கு வால். இன்னொண்டுக்குக் கொண்டை. மற்றொண்டு பக்கத்து எழுத்துட தோளில கையைப் போட்டுக்கொண்டு நிக்குது, கலியாண வீட்டுல படம் பிடிக்க நிக்கிற மாதிரி. "அந்தக் காலத்துக் கையெழுத்து மாதிரியே இருக்கில்ல, தாத்தா?" எண்டும் கேட்டாய்.

அந்தக் காலத்துக் கையெழுத்து எப்படி இருந்துச்செண்டு அந்தக் காலத்து ஆளுக்கே சொல்லித் தாறாய். கெட்டிக்காரன்தான். அந்தப் போனைக் கவிழ்த்து வை. நான் கொஞ்சம் கதைக்கிறன்.

போன வருசம் நம்ம சொந்தத்துக்குள்ள ஒரு கலியாணம். ஆர் வீடு எண்டு சொல்லமாட்டன், அவங்களுக்கு இன்னும் கோபம் ஆறல்ல. இதே மாதிரி ஒரு காட்தான். இலக்கத்துக்கும் அதே பொன்ட். ஒண்டுக்குத் தலையில ஒரு சுழி, ஏழுக்கு இடுப்புல ஒரு சுழி. 17 எண்டு அடிச்சிருந்ததை நான் 11 எண்டு வாசிச்சிட்டன். புது வேட்டியைக் கட்டி, உடப்பில இருந்து பஸ் பிடிச்சு, சிலாபத்துல மண்டபத்து வாசல்ல போய் இறங்கினா, உள்ள ஆரோ இங்கிலீசு வகுப்பு நடத்துறான். நான் மட்டும் எண்டு நினையாத. இன்னும் மூண்டு கிழடுகள் எனக்கு முதலே வந்து நிக்குதுகள், கையில மொய்க் கவரோட. நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தம். பக்கத்துக் கடையில தேத்தண்ணியைக் குடிச்சிட்டுத் திரும்பி வந்தம். 17ஆம் திகதி நான் போகல்ல. ஒரு கலியாணத்துக்கு எத்தனை தரம் பஸ் காசு குடுக்கிறது?

வளைவு கூடாது எண்டு நான் சொல்லல்ல. நம்ம எழுத்தே வளைவுதானே. ஏன் வளைஞ்சுது எண்டு உன்ட போன் சொல்லிச்சா? கற்பிட்டிப் பக்கம் போ. பனை நிக்குது. ஒரு ஓலையை எடுத்துப் பதமாக்கி, எழுத்தாணி இல்லாட்டி ஒரு ஆணியால கீறிப் பார். ஓலையிட நரம்போட நேர்கோடு இழுத்தாய் எண்டால், பிளந்து போகும். அதால எழுதினவன் கையை வளைச்சான். ஓலை கிழியப்படாது எண்ட பயம், தம்பி. அழகு அதுக்குப் பின்னால வந்தது. பக்கத்து ஊர்ச் சிங்களவர்ட எழுத்தும் ஏன் உருண்டை உருண்டையா இருக்கு? அதுவும் ஓலையில பிறந்த பிள்ளைதான்.

புள்ளி கூட வைக்கமாட்டாங்க. வைச்சா ஓலையில ஓட்டை விழும். ரகரத்துக்கும் காலுக்கும் ஓலையில பெரிய வித்தியாசம் கிடையாது. எகரம் குறிலா நெடிலா, ஒகரம் குறிலா நெடிலா எண்டு குழம்பாம இருக்க, ஏ, ஓ எண்ட நெடிலுக்கு வேற வடிவம் குடுத்தவர் வீரமாமுனிவர் எண்டு சொல்லுவாங்க. இத்தாலிப் பாதிரியார். 1680ல பிறந்து 1747ல செத்தவர். கடல் கடந்து வந்த மனுசன் நம்ம எழுத்தை வாசிக்கக் கஷ்டப்பட்டு, வாசிக்க லேசா இருக்கட்டும் எண்டு ஒரு காலை வைச்சான், ஒரு சுழியை வைச்சான். நீ இஞ்சயே பிறந்து வளர்ந்து, வாசிக்க ஏலாம ஆக்கிறதுக்குக் காசு குடுத்துப் பொன்ட் வாங்கிறாய். ஆர்டா வெள்ளைக்காரன்?

இப்ப உன்ட பொன்டை எடு. அதுல ரகரத்துட அடியில இருக்கிற சின்னக் காலை அழகுக்காக இழுத்து விட்டிருக்கு. வரதன் எண்டு ஒரு பேரை அடிச்சுப் பார். வாதன் எண்டு நிக்கும். கலியாணத்துக்கு முதலே மாப்பிள்ளைக்கு வாதம். ரெண்டு சுழி னகரத்துக்குப் பாசத்துல ஒரு சுழி கூடப் போட்டு விட்டிருக்கு. அன்னையின் ஆசியுடன் எண்டது அண்ணையின் ஆசியுடன் எண்டு ஆகிட்டு. அண்ணை எண்டால் நம்ம நாட்டுல மூத்த சகோதரன். பெத்தவ அடுப்படியில நிக்கிறா, ஆசி குடுக்கிறான் அண்ணன்.

எழுத்து ஒண்டோட ஒண்டு கை கோத்திருந்தாத்தான் அழகு எண்டாய். அது ஆர்ட குணம் தெரியுமா? கற்பிட்டியில எனக்கொரு கூட்டாளி இருந்தார், முஸ்லிம் மனுசன், ரெண்டு பேரும் ஒரே வாடியில கருவாடு காயப்போட்டம். அவர்ட உம்மாட்ட அரபுத்தமிழ்ப் புத்தகம் ஒண்டு இருந்துச்சு. வாசிச்சா தமிழ், பார்த்தா அரபு. வலமிருந்து இடமா, எழுத்துக்கு எழுத்து கை கோத்துப் போகும். அரபு எழுத்துக்கு அது பிறவிக் குணம். அந்த உம்மா அதைப் பாட்டு மாதிரி வாசிப்பா, ஒரு இடத்துலயும் தடக்குப்படமாட்டா. இங்கிலீசுலயும் கூட்டெழுத்து இருக்கு, அவங்களுக்கும் பழக்கம். தமிழ் அப்படி இல்ல. கரைவலை இழுக்கிறவங்களைப் பார்த்திருக்கிறாய்தானே? கயிறு ஒண்டு. ஆள் தனித்தனி. ஒருத்தன்ட முழங்கை மற்றவன்ட விலாவில பட்டா இழுக்கேக்க பாடுற அம்பாப் பாட்டும் நிக்கும், வலையும் நிக்கும்.

இந்த மெல்லிசும் தடிப்புமா மாறி மாறி வாற கோடு இருக்கே, அதுக்கும் ஒரு கதை இருக்கு. எங்கட காலத்துல தொட்டு எழுதிற பேனை. மேசையில ஓட்டை, ஓட்டைக்குள்ள மைக்கூடு. முனை கூரான நிப்பு. கீழ இழுக்கேக்க அமுத்தினா நிப்பு விரியும், கோடு தடிக்கும். மேல ஏத்தேக்க இலேசா விட்டா மயிர் மாதிரி வரும். இங்கிலீசு வாத்தியார் நாலு கோட்டுக் கொப்பியில அதைப் பழக்கினார். பிழைச்சா விரல் மொழியில அடி விழும். என்ட விரல் இப்பவும் கொஞ்சம் வளைவுதான், அதுதான் என்ட ஸ்டைல். எழுத்தாணிக்கு இந்த வித்தை தெரியாது. அது ஒரே தடிப்புலதான் கீறும். அதால நிப்புக்குப் பிறந்த தடிப்பையும் மெல்லிசையும் தமிழுக்கு மேல போட்டா, வேட்டிக்கு மேல டை கட்டின மாதிரி இருக்கும். கட்டலாம். பொலிஸ் பிடிக்காது. ஆனா ஆடு பார்க்கும்.

அந்த நிப்பு எழுத்தை ஆர் ஆருக்காகப் பழக்கினாங்க? ராசாவுக்கா? லண்டனில ஜோர்ஜ் பிக்கம் எண்டொருத்தர், 1733ல தொடங்கி எட்டு வருசம், பகுதி பகுதியா ஒரு கையெழுத்துப் புத்தகம் போட்டார். ஊரிலயே பேர் போன 25 கையெழுத்துக்காரர்ட மாதிரியைச் செப்புத் தகட்டுல வெட்டி அடிச்சது. எல்லாம் ஆருக்கு? வியாபாரத்துல கணக்கு எழுதிற கிளாக்குமாருக்கு. கடுதாசி கப்பல்ல போய் மறுகரையில வாசிக்கப்பட வேணும். அமெரிக்காவுல பிளாட் ரோஜர்ஸ் ஸ்பென்சர் எண்டு ஒரு வாத்தியார், 1800ல பிறந்தவர். ஏரிக்கரை மணல்ல எழுதிப் பழகினவர், கூழாங்கல்லிட உருட்டைப் பார்த்து எழுத்தை உருட்டினவர் எண்டு சொல்லுவாங்க. மணல்ல எழுதிப் பழகினா நான் நம்புவன். நாங்களும் மணல்லதான் ஆனா ஆவன்னா எழுதினம். எங்கட ஆனாவை அலை கொண்டு போச்சு, அவர்ட ஆனா அமெரிக்கக் கடை கந்தோர் எல்லாம் போச்சு.

எங்க போச்செண்டு உனக்குக் காட்டவா? சந்திக் கடை பெயர்ப்பலகையைப் பார். சிவப்பு நிறம், வெள்ளை எழுத்து, கொக்கா கோலா. அந்த வளைவு ஸ்பென்சர் கையெழுத்து. 1886ல அட்லாண்டாவில அந்தத் தண்ணிக்குப் பேரும் வைச்சு, அந்தப் பேரை எழுதியும் குடுத்தது பிராங்க் ராபின்சன். அவர் என்ன வேலை செய்தவர் தெரியுமா? கணக்குப்பிள்ளை. அந்தக் கொம்பனியிட பேரேட்டுல கணக்கு எழுதின மனுசன். ஓவியனும் இல்ல, டிசைனரும் இல்ல. கை அதே கை. ரெண்டு சொல்லு மட்டும் வளைச்சார், கவனி. அந்தப் போத்தல்ல என்னென்ன கலந்திருக்கு எண்டதை வளைச்சு எழுதல்ல. அதை நேர் எழுத்துலதான் அடிக்கிறாங்க.

அச்சுக்காரங்களும் முதல்ல கையைப் பார்த்துத்தான் எழுத்து வெட்டினாங்க. 1501ல வெனிஸ் பட்டினத்துல ஆல்டஸ் மனுஷியஸ் சாய்வெழுத்துல புத்தகம் போட்டார். படிச்சவங்கட கையெழுத்து மாதிரி சாய்ச்சு வெட்டின எழுத்து. சட்டைப் பையில வைக்கிற சின்னப் புத்தகத்துக்கு அது வசதி. நம்ம தமிழ்? 1578ல கொல்லத்துல தம்பிரான் வணக்கம் எண்ட புத்தகம் அச்சாகிச்சு. 16 பக்கம்தான். அண்டிரிக் பாதிரியார் வேலை, முத்துக்குளித்துறைப் பரவர்ட காசு. கடலுக்கு அந்தக் கரையில நம்ம மாதிரி மீன்வாசம் அடிக்கிற சனத்துட காசுல தமிழ் அச்சேறிச்சு. அதைக் கேட்கேக்க எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். பிறகு தரங்கம்பாடியில சீகன்பால்க் பாதிரியார். அவருக்கு 1713ல ஜெர்மனியில வார்த்த தமிழ் எழுத்து வந்து சேர்ந்துச்சு. பெரிய பெரிய எழுத்து. கடுதாசியைத் திண்டு தீர்த்துது. பிறகு சின்னனா வார்த்தாங்க. பார், எல்லாருக்கும் வாசிக்கிறதும் கடுதாசியும்தான் கவலை. எழுத்துக்கு வால் வளர்க்க ஆருக்கும் நேரமில்ல.

இப்ப உன்ட கெட்டித்தனத்துக்கு வாறன். "தாத்தா, இது சும்மா பொன்ட் இல்ல, மெய்யாக் கையால எழுதின மாதிரியே இருக்கும்" எண்டாய். அப்ப ஒண்டு கேட்கிறன். இந்தக் காட்டில பத்து அகரம் இருக்கு. பத்தும் ஒரே அச்சு. ஒரே இடத்துல ஒரே நெளிவு. உன்ட கையால பத்து அகரம் எழுது பார்ப்பம். ஒண்டு குண்டன், ஒண்டு நோஞ்சான், ஒண்டுக்கு மை முடிஞ்சிருக்கும். இதைத் தெரிஞ்சுதான் ஹெர்மன் ஜாஃப் எண்ட ஜெர்மன்காரர் 1998ல ஜாஃபினோ எண்டு ஒரு பொன்ட் செய்யேக்க, ஒரே எழுத்துக்கே பல வடிவம் வரைஞ்சு வைச்சார். அடுத்தடுத்து வந்தா ஒண்டு போல இருக்காம மாறி மாறி வரும். நல்ல வேலைக்காரன், அதுல சந்தேகமில்ல. உண்மையான கையெழுத்துக்கு இதெல்லாம் யோசிக்கத் தேவையில்ல, அது தன்பாட்டுல கோணும். பொய் எழுத்துக்குத்தான் நாலு விதமாக் கோணப் பழக்க வேணும்.

கையெழுத்து எண்டால் ஆள், தம்பி. என்னட்ட மீன் வாங்கின ஒரு முதலாளி இருந்தார். துண்டுல கணக்கு எழுதி அனுப்புவார். அவர்ட ழகரம் கால் ஊனமான ழகரம். ஒருநாள் ஒரு துண்டு வந்துச்சு, சாளை ஐம்பது கிலோ, காசு பிறகு எண்டு. ழகரம் நேரா நிமிர்ந்து நிக்குது. நான் மீன் குடுக்கல்ல. பின்னேரம் விசாரிச்சா, அவர்ட மச்சான் அவர் பேரில எழுதிப் பார்த்த வேலை. உன்ட பொன்டில அந்தத் துண்டு வந்திருந்தா? ஐம்பது கிலோ போயிருக்கும். வங்கியில கையொப்பம் ஏன் கேட்கிறான் எண்டு நினைக்கிறாய்? உன்ட கோணலுக்குத்தான் அவன் மரியாதை குடுக்கிறான்.

இன்னொரு பகிடி கேள். என்ட மூத்த பேரன், கொழும்புல படிக்கிறான். லீவுக்கு வந்தவன் என்ட பழைய கொப்பியைப் புரட்டினான். வலைக்கணக்கு எழுதின கொப்பி. வலை எண்டு எழுதியிருக்கிறன், லையன்னாவுக்குத் தும்பிக்கை போட்டு. நாங்கள் படிச்சது அப்படித்தான். லை, ளை, ணை, னை நாலுக்கும் ஆனைத் தும்பிக்கை. றா, னா, ணாவுக்கும் வேற சுழி. பெரியார் 1935லயே தன்ட குடிஅரசு பேப்பர்ல இதுகளை நேராக்கி அடிச்சார். தமிழ்நாட்டுல 1978ல எம்.ஜி.ஆர். அரசாங்கம் அதை ஆணையாக்கிச்சு. 13 எழுத்து மாறிச்சு. பிறகு நம்ம பக்கத்துப் புத்தகத்துலயும் தும்பிக்கை போச்சு. என்ட கைக்கு மட்டும் ஆரும் சுற்றறிக்கை அனுப்பல்ல. பேரன் அதைப் பார்த்திட்டுக் கண்ணை விரிச்சான். "தாத்தா, செம ஸ்டைலா இருக்கே, இது என்ன பொன்ட்?"

என்ன பொன்ட்! உன்ட தாத்தாட பொன்ட்டா. தரவிறக்க ஏலாது. செத்தா அதோட போகும்.

படம் பிடிச்சுக்கொண்டு போனான். எதிலயோ போட்டானாம், நிறையப் பேருக்குப் பிடிச்சிதாம். என்ட வலைக்கடன் கணக்குக்கு இவ்வளவு மவுசு வரும் எண்டு தெரிஞ்சிருந்தா, இன்னும் கொஞ்சம் கடன் பட்டிருப்பன்.

ஆனா ஒருதலையாக் கதைக்கப்படாது. நல்ல வேலையை நல்ல வேலை எண்டு சொல்ல வேணும். தாரிக் அஸீஸ் எண்டு நம்ம நாட்டு ஆள் ஒருத்தர், தமிழ் எழுத்துரு செய்யிறவர். கவிவாணர் எண்டு ஒரு பொன்ட் செய்து விட்டிருக்கார். கூகுள்ள கிடக்கு, காசில்லாம எடுக்கலாம். கையால எழுதின மாதிரிக் கொஞ்சம் சாய்ஞ்சு நிக்கும், ஆனா விழாது. காத்துக்குச் சாய்ஞ்ச தென்னை மாதிரி. அதை எனக்குப் பேரன் காட்டினான். கண்ணாடி போட்டு வாசிச்சன். வாசிக்க முடிஞ்சுது! மூண்டு சுழிக்கு மூண்டு சுழி இருக்கு. பேரைப் பார், கவிவாணர். பேரிலயே உத்தியோகம் எழுதியிருக்கு. கவிதைக்கு வை, வாழ்த்துக்கு வை, பிள்ளைட பிறந்தநாள் காட்டுக்கு வை. தண்ணி பில்லுக்கு வைக்காத.

இங்கிலீசுக்காரனுக்கு லேசு. 26 எழுத்துப் பெருசு, 26 சின்னன், வேலை முடிஞ்சுது. தமிழுக்கு 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஆய்தம் ஒண்டு, மொத்தம் 247. எல்லாத்தையும் தனித்தனியா வரைய வேணாம். காலையும் கொம்பையும் வைச்சு ஒட்டலாம். ஆனா உகரமும் ஊகாரமும் இருக்கே, கு, சு, டு, மு, கூ, சூ எண்டு, அந்த 36ம் ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரி வளையும். ஒண்டுக்கு வால் கீழ, ஒண்டுக்கு வட்டம் பக்கத்துல. அதெல்லாத்தையும் ஒரே கையால எழுதின மாதிரிக் காட்டுறது கரைவலையில ஒவ்வொரு கண்ணாப் பார்த்துக் கட்டுற மாதிரி வேலை. அதைச் செய்தவனுக்கு நான் எழும்பி நிப்பன். பொன்ட் செய்தவனோட எனக்குச் சண்டை இல்ல. கண்ட இடத்துல அதைக் கொண்டு போய் ஒட்டுறவனோடதான் சண்டை.

கண்ட இடம் எண்டா? பனருக்கு வா. நம்ம தெருவுல ஒருத்தர் மோசம் போனார். வெள்ளைக் கொடி கட்டியாச்சு. போஸ்டுல பனரும் ஏறிச்சு. சுத்திவர ரோசாப்பூ, நடுவுல வளைஞ்சு நெளிஞ்சு ஒரு எழுத்து. வெளியூர்ல இருந்து வந்த ஒரு மனுசி என்னட்டக் கேட்டா, "ஐயா, கலியாண வீடு எந்தப் பக்கம்?" நான் என்ன சொல்லுறது? அந்தப் பக்கம்தான், ஆனா மாப்பிள்ளை கொஞ்சம் விறைச்சுப் போய்க் கிடக்கிறார் எண்டா சொல்லுறது? கண்ணீர் அஞ்சலிக்கும் காது குத்துக்கும் ஒரே பொன்ட். கொம்பியூட்டர்ல முதல்ல கண்டதை அமத்தினா இப்படித்தான்.

பழைய கதை ஒண்டும் ஞாபகம் வருது. பாமினி எண்டு ஒரு எழுத்துரு. நம்ம நாட்டுத் தமிழ் டைப்பிங்காரங்க அதுலயே பிறந்து வளர்ந்தவங்க. அடிச்சுக் குடுத்த கடிதத்தை பென் டிரைவில வாங்கி வேற ஒரு கடையில திறந்தா, பாமினி அங்க இல்ல, கடிதம் முழுக்க இங்கிலீசு எழுத்துக் கண்டபாட்டுக்கு நிக்கும். ஆதிமாதத் தீமிதிப்பு எண்டு திரௌபதை அம்மன் கோயில் நோட்டீசுக்கு அடிச்சுக்கொண்டு போனதை ஒருக்கா நானே அப்படிக் கண்டன். மந்திரமோ எண்டு பயந்து போனன். இப்ப யூனிகோட் வந்து அந்தத் தொல்லை குறைஞ்சிட்டு. ஓ, ஆதி இல்ல, ஆடி. பார், வாயே வழுக்குது, எழுத்து வழுக்காதா?

கடலுக்கு வா. அங்கதான் உண்மையான சோதனை. போட்டுக்குப் பேர் வைக்கிறோம், இலக்கம் போடுறோம். கடற்றொழில் திணைக்களத்துல பதிஞ்ச இலக்கம், புத்தளத்துக்கு ஒரு குறி, சிலாபத்துக்கு ஒரு குறி. தண்ணியில இருந்து ஆள் வாசிக்க வேணும். ஒரு பொடியன், புதுப் பைபர் போட், இலக்கத்தையும் வளைச்சு வளைச்சு எழுதிப்போட்டான். பின்னால பூப்போட்ட வால். ஒருநாள் எஞ்சின் நிண்டு போச்சு. போன்ல கரைக்குச் சொன்னான். தேடிப் போன போட்டுக்காரன் கிட்டப் போயும் இலக்கத்தை வாசிக்க ஏலாம, அது வேற ஆள் எண்டு கைகாட்டிட்டுப் போயிட்டான். பொடியன் வெயில்ல ரெண்டு மணித்தியாலம் கருவாடாக் காய்ஞ்சான். கருவாட்டுக்குப் பவுடர் பூசினா மீனாகுமா? அடுத்த நாளே பெயிண்டை வாங்கி இலக்கத்தைத் தடிப்பா, நேரா, கறுப்புல எழுதினான். பேரை மட்டும் அப்படியே வளைஞ்சபடி விட்டான். அது நல்லாத்தான் இருக்கு. நான் அவன் முகத்துக்கு நேர சொல்லல்ல. சொன்னா அடுத்த போட்டுல மறுபடியும் தொடங்குவான்.

ஓட்டோவுக்குப் பின்னால ஒட்டுறதும் சரி. அதை ஆரும் அவசரத்துக்கு வாசிக்கப் போறதில்ல. முன்னால போற ஓட்டோ முந்த விடாது, வாசிக்க உனக்கு நேரம் நிறைய இருக்கு.

வைத்தியர்ட சீட்டைப் பற்றிக் கேட்காத. அது பழைய கூட்டெழுத்து. அதை வாசிக்க மருந்துக் கடையில ஒரு அண்ணாவியார் இருக்கார்.

இப்ப உன்ட காட்டுக்கு வருவம். முகத்தைத் தொங்கப்போடாத. பொம்பிளைட பேர், மாப்பிள்ளைட பேர், ரெண்டையும் வளைச்சுக்கொள். ஆசை தீர வளை. வால் வேணுமெண்டா வை, அந்தப் பேரை எல்லாருக்கும் தெரியும், வாசிக்காட்டியும் ஊகிச்சுக்கொள்ளுவாங்க. திகதி, நேரம், மண்டபம், பெத்தவங்க பேர், இந்த நாலும் நேர் எழுத்து. அன்னைக்கு ரெண்டு சுழி. ஏழுக்கு இடுப்புல ஒண்டும் கட்டாத.

பிறகு ஒரு காட்டை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பின்னேரம் வா. முற்றத்துத் தென்னையில குண்டூசியால குத்திவிட்டு நீ தள்ளி நில். நான் இந்தச் சாய்மனைக் கதிரையில இருந்து, கண்ணாடி போடாம வாசிக்கிறன். மண்டபத்துட பேரைச் சரியாச் சொன்னன் எண்டால் அச்சுக்குக் குடு. இல்லாட்டி காட்டை அப்படியே அடிச்சுக்கொள், எனக்குப் பரவாயில்ல. கலியாணத்தண்டு காலையில ஓட்டோவை மட்டும் வாசலுக்கு அனுப்பு.